பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடநெறியை எடுப்பது? மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உயர்தரப் பெறுபேறு வந்துவிட்டால் வாகரையில் இருந்து பொத்துவில் வரைக்கும் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுத்தான்: "இசட் எவ்வளவு? என்ன கிடைக்கும்?" விண்ணப்பம் நிரப்பும் காலத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து உதவி செய்வது என் வழக்கம். அப்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். "என்ன கிடைக்கும்" என்பதற்கு முன்னால் "என்ன படிக்க விருப்பம்" என்ற கேள்வி வர வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. கீழே உள்ள பதில்களில் அது தெரியும்.

பிள்ளைகளைத் தெரிவு செய்வது பல்கலைக்கழகமா?

இல்லை. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் அமைந்த பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுதான் எல்லா அரச பல்கலைக்கழகங்களுக்கும் சேர்த்து ஆட்களைத் தெரிவு செய்கிறது. ஆகவே வந்தாறுமூலைக்குப் போய் யாரையாவது பிடித்தால் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் எடுக்கலாம் என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பல்கலைக்கழகத்தின் வேலை வேறு. பாடநெறியை வடிவமைப்பது, அதில் என்ன இருக்கிறது என்று வெளியே சொல்வது, உளச்சார்புப் பரீட்சை (கீழே விளக்கியிருக்கிறேன்) தேவையான பாடநெறிக்கு அதை நடத்துவது, வந்து சேர்ந்த பிள்ளைக்கு உள்ளே பாடத் தெரிவில் வழிகாட்டுவது, இவையெல்லாம் அவர்களுடையவை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் யாரிடம் எதைக் கேட்பது என்பது தெளிவாகிவிடும். தகுதி, மாவட்டம், விண்ணப்பம் பற்றிய சந்தேகம் என்றால் ஆணைக்குழு. படிப்பின் உள்ளடக்கம் பற்றிய சந்தேகம் என்றால் அந்தந்தப் பீடம்.

விண்ணப்பிக்கக் குறைந்தபட்சத் தகுதி என்ன?

ஒரே அமர்வில் மூன்று பாடங்களிலும் குறைந்தது எஸ் சித்தி, அதோடு உயர்தரத்தோடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளி. இது பொதுவான நிபந்தனை. சில பாடநெறிகள் குறிப்பிட்ட ஒரு பாடத்தில் சீ அல்லது அதற்கு மேல் கேட்கும். சாதாரண தரத்து ஆங்கிலத்தையோ கணிதத்தையோ பார்க்கும் பாடநெறிகளும் உண்டு. பாடநெறிக்குப் பாடநெறி இது மாறுவதால் ஆணைக்குழுவின் கைநூலில் உங்கள் பாடச் சேர்க்கைக்கு எவை திறந்திருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அந்தக் கைநூல் ஒவ்வோர் ஆண்டும் தமிழிலும் வருகிறது, இணையத்திலும் கிடைக்கிறது. தமிழில் இருக்கும்போது பிள்ளை அதை வாசிக்காமல் ரியூஷன் சேர் சொன்னதை மட்டும் கேட்டு விண்ணப்பிப்பது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விசயம்.

இசட் புள்ளி எப்படி வருகிறது?

இரசாயனவியலில் 60 எடுப்பதும் இந்து நாகரிகத்தில் 60 எடுப்பதும் ஒரே கஷ்டம் அல்ல. அந்த வித்தியாசத்தைச் சமப்படுத்தத்தான் இசட் புள்ளி. ஒரு பாடத்தில் உங்கள் புள்ளியில் இருந்து அந்தப் பாடத்தை எழுதிய எல்லாரின் சராசரியைக் கழித்து, புள்ளிகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்று காட்டும் நியம விலகலால் வகுப்பார்கள். உதாரணத்துக்கு, சராசரி 45, நியம விலகல் 15, உங்கள் புள்ளி 75 என்றால் அந்தப் பாடத்தின் இசட் 2. மூன்று பாடங்களுக்கும் இப்படி எடுத்துச் சராசரி பார்த்தால் பெறுபேற்றுத் தாளில் இருக்கும் நான்கு தசமதான எண் வருகிறது. சராசரிக்குக் கீழே போனால் எண் மறைப் பெறுமானமாக வரும். அதனால் பிள்ளை பெயில் என்று அர்த்தமில்லை.

மூன்று ஏ எடுத்த இருவருக்கு இரண்டு விதமான இசட் வருவதும் இதனால்தான். ஏ என்பது ஓர் எல்லையைத் தாண்டியதற்கான அடையாளம். எவ்வளவு தாண்டினார் என்பது இசட்டில்தான் தெரியும்.

மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் சலுகை இருக்கிறதா?

பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசைப்படி போகும். 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகை விகிதப்படி பிரிக்கப்படும். மிச்ச 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கும். மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பதினாறில் அடங்குகின்றன. முழுவதும் அகில இலங்கை வரிசையில் எடுக்கும் பாடநெறிகளும் உண்டு. அவை எவை என்று கைநூலில் குறித்திருப்பார்கள்.

இதைச் சலுகை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. படுவான்கரையில் ஒரு பிள்ளை பௌதிகவியல் ஆசிரியர் இல்லாத பாடசாலையில் இருந்து ரியூஷனுக்காக ஆற்றைக் கடந்து எழுவான்கரைக்கு வந்து படிக்கிறது. கொழும்புப் பிள்ளையோடு ஒரே வினாத்தாளை எழுதுகிறது. அந்த இடைவெளியின் ஒரு பகுதியைத்தான் இந்த ஒதுக்கீடு ஈடுசெய்கிறது.

எங்கள் வீடு கல்லாற்றில். மகன் படித்தது கல்முனையில். எந்த மாவட்டம் பார்ப்பார்கள்?

பாடசாலை இருக்கும் மாவட்டம்தான் கணக்கு. வீடு எங்கே என்பது பொருட்டல்ல. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகள் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தார் என்று பார்ப்பார்கள். கல்முனைப் பாடசாலை என்றால் அம்பாறை. பெரியநீலாவணைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி எப்போதும் வரும். இடையில் பாடசாலை மாறியிருந்தால் விடுகைப் பத்திரங்களை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்து வரிசை போடலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள்.

வெட்டுப்புள்ளி என்பது யாரும் முன்கூட்டி வைத்த எல்லை அல்ல. ஒரு பாடநெறிக்கு, ஒரு பல்கலைக்கழகத்துக்கு, ஒரு மாவட்டத்தில் இருந்து கடைசியாகத் தெரிவான பிள்ளையின் இசட் புள்ளிதான் அது. தெரிவு முடிந்த பிறகுதான் அது பிறக்கிறது. அடுத்த ஆண்டு எத்தனை பேர் அந்தப் பாடநெறியைக் கேட்கிறார்கள், எத்தனை இடம் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஏறும், இறங்கும். போன வருட எண்ணைக் கண்டு பயந்து, ஆசைப்பட்ட பாடநெறியைப் பட்டியலில் எழுதாமலே விட்டவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். எழுதாததை யாராலும் தர முடியாது.

தெரிவு நடக்கும் விதம் இதுதான். விண்ணப்பத்தில் பாடநெறியும் பல்கலைக்கழகமும் சேர்ந்த குறியீடுகளை, அதாவது யூனிகோட்களை, விருப்ப ஒழுங்கில் எழுதுகிறீர்கள். உங்கள் இசட் புள்ளிக்குரிய முறை வரும்போது உங்கள் பட்டியலை மேலிருந்து பார்ப்பார்கள். முதலாவதுக்குப் புள்ளி போதாவிட்டால் இரண்டாவது, அதுவும் இல்லையென்றால் மூன்றாவது. எட்டாத ஒன்றை முதலில் எழுதியதால் ஐந்தாவதாக எழுதியதற்கான வாய்ப்பு ஒரு துளியும் குறையாது. "மேலே பெரியதைப் போட்டால் கீழே உள்ளதும் போய்விடும்" என்பது வெறும் கதை.

ஆபத்து மறுபக்கத்தில் இருக்கிறது. ஒரு மெத்ஸ் பிள்ளைக்குக் கிழக்குப் பல்கலையின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்க ஆசை. மாமா சொன்னார் என்று ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியலை மேலே எழுதிவிட்டது. புள்ளி போதுமென்றால் பொறியியல்தான் வரும். கீழே இருக்கும் கணினி விஞ்ஞானத்தை அதன் பிறகு யாரும் பார்க்க மாட்டார்கள். வெற்றிடம் நிரப்பும்போதும் கிடைத்த பாடநெறிக்கு மேலே எழுதியவற்றுக்குத்தான் வாய்ப்பு, கீழே உள்ளவற்றுக்கு இல்லை.

ஆகவே போன வருட வெட்டுப்புள்ளிகளை வேறொரு வேலைக்குப் பயன்படுத்துங்கள். உங்கள் புள்ளிக்குப் பாதுகாப்பாகக் கிடைக்கக்கூடியவை சில பட்டியலின் கீழ்ப்பகுதியில் இருக்கின்றனவா என்று சரிபார்க்க அவை உதவும். மேல்பகுதியை விருப்பம் தீர்மானிக்கட்டும். கிடைத்தாலும் போக மாட்டேன் என்று நினைக்கும் ஒன்றைப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம்.

பெயரை வைத்துப் பாடநெறியைப் புரிந்துகொள்ள முடியுமா?

முடியாது. பொறியியலும் பொறியியல் தொழினுட்பமும் வெவ்வேறு பட்டங்கள், தொழில் பாதையும் வேறு. முகாமைத்துவம் என்ற பெயரில் கணக்கியல் பக்கம் சாய்ந்த பாடநெறியும் இருக்கிறது, சந்தைப்படுத்தல் பக்கம் சாய்ந்ததும் இருக்கிறது. உயிரியல் விஞ்ஞானத்தை எடுத்துவிட்டு, "மருத்துவத்துக்கு மாறலாமா?" என்று முதலாம் ஆண்டில் வந்து கேட்கிற பிள்ளைகள் உண்டு. அப்படி மாற முடியாது.

பீடத்தின் இணையத்தளத்தில் அல்லது பீடக் கைநூலில் ஒவ்வோர் அரையாண்டுக்கும் உரிய பாட அலகுகளின் பட்டியல் இருக்கும். முதலாம் ஆண்டைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். பல இடங்களில் முதலாம் ஆண்டு அடிப்படைகளோடு போய்விடும். இரண்டாம், மூன்றாம் ஆண்டு அலகுகளைப் பாருங்கள். அந்தப் பெயர்களை வாசிக்கும்போது "இது என்னவென்று அறிய வேண்டும்" என்று தோன்றுகிறதா, சலிப்பு வருகிறதா என்று பிள்ளையிடம் கேளுங்கள். அந்தப் பதில் உறவினர் பத்துப் பேர் சொல்லும் புத்திமதியை விடப் பெறுமதியானது.

இன்னொன்று, காலம். மூன்றாண்டுப் பொதுப் பட்டம் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 5ஆம் மட்டம். நான்காண்டுச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். மேற்படிப்புக்கோ விரிவுரையாளர் வேலைக்கோ ஆசை இருந்தால் இந்த வித்தியாசம் பின்னால் பெரிதாகத் தெரியும். சிறப்புப் பட்டத்துக்குப் போக உள்ளே எந்த ஆண்டில், எந்தப் பெறுபேற்றோடு தெரிவு நடக்கிறது என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

பல்கலைக்கழகங்கள் எங்களுக்கு நேரடியாக வழிகாட்டுகின்றனவா? யாரைக் கேட்பது?

வழிகாட்டுகின்றன. ஆனால் வீட்டு வாசலுக்கு வந்து சொல்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். பீடங்கள் கண்காட்சியும் திறந்த நாளும் வைப்பதுண்டு. அந்த நாட்களில் ஆய்வுகூடம் வரைக்கும் போய்ப் பார்க்கலாம். தொழில் வழிகாட்டல் அலகுகள் இருக்கின்றன. அவற்றின் முதல் வேலை உள்ளே படிப்போருக்கானது என்றாலும், பாடசாலை அதிபர் ஒரு கடிதம் எழுதி அழைத்தால் விரிவுரையாளர்கள் வந்து பேசிவிட்டுப் போவார்கள். கொக்கட்டிச்சோலையிலோ திருக்கோவிலிலோ ஒரு பாடசாலை தானாக அப்படி அழைக்கலாம். இரண்டு, மூன்று பாடசாலைகள் சேர்ந்து அழைத்தால் இன்னும் நல்லது.

தனியாகப் போனால் துறைத் தலைவரையோ பீடாதிபதி அலுவலகத்தையோ கேளுங்கள். தயக்கம் வேண்டாம். "சேர், இந்தப் பாடநெறி முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? தொழில் பயிற்சிக்கு எங்கே அனுப்புகிறீர்கள்? எந்த மொழியில் படிப்பிக்கிறீர்கள்? எந்தப் பாடத்தில் பிள்ளைகள் கூடுதலாகச் சறுக்குகிறார்கள்?" இந்தக் கேள்விகள் போதும். கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள், அதற்கு வரும் பதிலில்தான் உண்மையான படிப்பு தெரியும்.

அப்புறம், உங்கள் ஊரிலேயே அந்தப் பீடத்தில் இரண்டாம், மூன்றாம் வருடம் படிக்கும் ஓர் அண்ணனோ அக்காவோ இருப்பார். ஒருவரிடம் மட்டும் கேட்காமல் இரண்டு பேரிடம் கேளுங்கள். ஒருவருக்குக் கசந்தது மற்றவருக்கு இனித்திருக்கும்.

மகளுக்கு மருத்துவம் கிடைக்காது போலிருக்கிறது. பயோ படித்து என்ன பயன்?

இந்தக் கேள்வியைப் பிள்ளையின் முன்னால் கேட்காதீர்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் நித்திரை முழித்துப் படித்த பிள்ளை அது.

பயோவுக்குத் திறந்திருக்கும் வழிகள் மருத்துவத்தைப் போலப் பல மடங்கு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடத்தில் மருத்துவத்தோடு தாதியியல் பட்டமும் இருக்கிறது. பேராதனையில் மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், இயன்மருத்துவம், கதிர்ப்படவியல் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் உண்டு. சித்த மருத்துவம் யாழ்ப்பாணத்திலும் கிழக்குப் பல்கலையின் திருகோணமலை வளாகத்திலும். விலங்கு மருத்துவத்துக்குப் பேராதனை. இவற்றுக்கு மேலே விவசாயம், உணவு விஞ்ஞானம், உயிரியல் விஞ்ஞானம்.

ஒரு வைத்தியசாலையில் வைத்தியர் மருந்து எழுதும்போது, அதற்கு முன்னால் இரத்தத்தைச் சோதித்து எண் சொன்னவர் ஒருவர் இருக்கிறார், எலும்பைப் படம் எடுத்துக் கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார். வெள்ளை மேலங்கி போட்டவர் எல்லாரும் டொக்டர் என்று நம் ஊரில் நினைப்பதால் இந்தத் தொழில்கள் கண்ணில் படுவதில்லை. பிள்ளையை மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப்போய், அங்கே வேலை செய்யும் ஒரு மருந்தாளரோடோ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளரோடோ அரை மணித்தியாலம் பேச வையுங்கள்.

"நாங்கள் வயல் செய்தது போதும், மகன் விவசாயம் படிக்க வேண்டாம்" என்கிறார் தகப்பன். என்ன சொல்வது?

அந்தத் தகப்பனின் மனம் விளங்குகிறது. வெள்ளத்தில் ஒரு போகம், வரட்சியில் ஒரு போகம் இழந்தவர் பேசும் பேச்சு அது. ஆனால் விவசாயப் பட்டம் என்பது மண்வெட்டி பிடிக்கப் பழக்குவது அல்ல. மண்ணியல், பயிரியல், விலங்கு விஞ்ஞானம், விவசாயப் பொருளியல், விவசாயப் பொறியியல் என்று அது ஒரு விஞ்ஞானப் பட்டம். 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியபோதே விவசாயமும் விஞ்ஞானமும்தான் முதல் பீடங்கள். 1986இல்தான் அது கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. நெல்லும் மாடும் வாவியும் உள்ள மாவட்டத்தில் அந்தப் பீடம் முதலில் வந்தது பொருத்தமானதே. முடித்தவர்கள் விவசாயத் திணைக்களம், ஆராய்ச்சி நிலையங்கள், வங்கிகள், விதை, உரக் கம்பனிகள், தொண்டு நிறுவனங்கள் என்று பல இடங்களில் இருக்கிறார்கள். வயலில் பட்ட நட்டத்துக்குக் காரணம் கண்டுபிடிக்கப் படித்த ஒருவர் அந்த வீட்டிலேயே இருந்தால் நல்லதுதானே.

கிழக்கும் தென்கிழக்கும் தரம் குறைந்தவையா?

"கொழும்பு, பேராதனை கிடைத்தால்தான் கம்பஸ்" என்று பேசுகிறவர்கள் உண்டு. பழைய பல்கலைக்கழகத்தில் நூலகம் பெரியது, ஆளணி கூட, பழைய மாணவர் தொடர்பு கூட. அது உண்மை. ஆனால் பெயருக்காகப் பிடிக்காத பாடநெறியை அங்கே எடுப்பதை விடப் பிடித்த பாடநெறியை வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ எடுப்பது நல்லது என்பது என் முடிவு. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1996இல் பல்கலைக்கழகம் ஆனது. பொறியியல், தொழினுட்பம், முகாமைத்துவ வர்த்தகம், கலை கலாசாரம், இஸ்லாமிய கற்கைகளும் அரபு மொழியும் என்று பீடங்கள் ஒலுவிலில் இருக்க, பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது. பொறியியல் போன்ற தொழில்சார் பட்டம் என்றால் அந்தந்தத் தொழில் அமைப்பு அதை அங்கீகரித்திருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டிய விசயம். பல்கலைக்கழகத்தின் வயதைப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது.

ஆர்ட்ஸ் படித்தால் வேலை இல்லையாமே?

வேலையற்ற பட்டதாரிகள் வீதியில் இருந்து போராடியதை மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. பட்டத்தை வாங்கிவிட்டு அரசாங்கம் கூப்பிடும் வரை காத்திருப்பது என்ற வழி பலருக்கு வருடக் கணக்கில் நீண்டிருக்கிறது.

ஆனால் கலைப் பீடத்துக்குள் போனவர்கள் எல்லாரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வதில்லை. உள்ளே முதலாம் ஆண்டில் எந்தப் பாடங்களை எடுக்கிறீர்கள், பிறகு எதில் சிறப்புப் பட்டம் செய்கிறீர்கள் என்பது எவ்வளவோ மாற்றும். புவியியலில் புவியியல் தகவல் முறைமை பழகிய பிள்ளைக்குத் திட்டமிடல், அனர்த்த முகாமைத்துவம் போன்ற துறைகள் திறக்கும். பொருளியலோடு புள்ளிவிபரம் கற்றவருக்கு வங்கி, ஆய்வு வேலைகள். மொழியில் ஆழமாகப் போய் மூன்று மொழியிலும் எழுதத் தெரிந்தவருக்கு மொழிபெயர்ப்பு. சமூகவியல் படித்தவர் சமூக வேலைத்திட்டங்களுக்குப் போகலாம். இலங்கை நிர்வாக சேவைப் போட்டிப் பரீட்சைக்கு எந்தப் பட்டமும் போதும், அதில் சித்தியடைந்தவர்களில் கலைப் பட்டதாரிகள் நிறையப் பேர்.

உள்ளே போன முதல் கிழமையில் கூட்டாளிகள் எடுக்கும் பாடத்தைத் தானும் எடுப்பதுதான் பெரிய இழப்பு. அந்த நேரத்தில் துறைகள் தங்கள் பாடங்களை அறிமுகப்படுத்தும் கூட்டங்கள் நடக்கும். எல்லாத் துறையின் கூட்டத்துக்கும் போங்கள். முதலாம் ஆண்டிலேயே ஆங்கிலத்தையும் கணினியையும் கையில் எடுங்கள். கலைப் பீடத்தில் நேரம் இருக்கிறது. அந்த நேரத்தை என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பட்டத்தின் பெறுமதி.

உளச்சார்புப் பரீட்சை என்பது என்ன?

சில பாடநெறிகளுக்கு இசட் புள்ளி மட்டும் போதாது. கட்டடக்கலை, வடிவமைப்பு, இசை, நடனம், நாடகம், கட்புலக் கலை போன்றவற்றுக்குப் பல்கலைக்கழகமே ஒரு பரீட்சை வைக்கும். கல்லடியில் இருக்கும் சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் இதற்கு நமக்குப் பக்கத்து உதாரணம். காரைதீவில் பிறந்து இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரான அடிகளாரின் பெயரால் அமைந்த அந்த நிறுவகம் கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது.

கவனிக்க வேண்டியது: உளச்சார்புப் பரீட்சைக்கு அந்தப் பல்கலைக்கழகத்துக்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதில் சித்தியடைந்த பிறகும் ஆணைக்குழு விண்ணப்பத்தில் அந்த யூனிகோட்டை எழுத வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டாலும் இடம் இல்லை. கூத்தில் ஊரையே கட்டிப்போடும் பிள்ளை இந்த ஒரு விண்ணப்பத்தைத் தவறவிட்டதால் வாய்ப்பை இழக்கக்கூடாது.

மகளைத் தூர இடத்துக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது. பக்கத்தில் உள்ளதை மட்டும் எழுதச் சொல்லலாமா?

பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முடிவை விண்ணப்பத்தில் எடுக்காதீர்கள். மகளுக்கு விருப்பமான பாடநெறி பேராதனையில் இருந்தால் அதை மேலே எழுதட்டும். கிடைத்த பிறகு தாயும் மகளும் போய் விடுதியைப் பாருங்கள், நமது ஊர்ப் பிள்ளைகள் யார் அங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு விடுதியில் முன்னுரிமை கொடுப்பது பொதுவான நடைமுறை. காத்தான்குடியில் இருந்தும் களுதாஞ்சிகுடியில் இருந்தும் அக்கரைப்பற்றில் இருந்தும் எத்தனையோ பெண் பிள்ளைகள் தூர இடங்களில் படித்து முடித்து வந்து இன்று நமக்கே படிப்பிக்கிறார்கள், வைத்தியம் பார்க்கிறார்கள்.

தமிழில் படிக்க முடியுமா?

கலைப் பாடங்களைத் தமிழில் படிக்கக் கிழக்கு, தென்கிழக்கு, யாழ்ப்பாணம், பேராதனையில் வசதி உண்டு. மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம், விவசாயம் போன்றவை ஆங்கிலத்தில். முதல் அரையாண்டு கஷ்டமாகத்தான் இருக்கும். பரீட்சை முடிந்து பெறுபேறு வந்து பல்கலைக்கழகம் தொடங்கும் வரைக்கும் இருக்கும் மாதங்களில் உங்கள் பாடத்தின் ஆங்கிலக் கலைச்சொற்களைப் படித்துவையுங்கள். ஒசுமோசிஸ் என்று ஆங்கிலத்தில் கேட்கும்போது பிரசாரணம் என்று மனதில் உடனே ஓட வேண்டும். அதுவே பாதிப் பாரத்தைக் குறைக்கும்.

செலவுக்கு என்ன வழி?

அரச பல்கலைக்கழகத்தில் முதலாவது பட்டத்துக்குக் கட்டணம் இல்லை. சாப்பாடு, போக்குவரத்து, புத்தகத்துக்கு 1981இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசில் இருக்கிறது. திறமை அடிப்படையிலும் குடும்ப வருமான அடிப்படையிலும் கொடுக்கிறார்கள். அது கிடைக்காதவர்களுக்கு நிதியுதவி விண்ணப்பம் உண்டு. வருமானச் சான்றை கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் முன்கூட்டி எடுத்து வையுங்கள். கோயில், பள்ளிவாசல், ஊர்ச் சங்கங்கள், வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்கள் என்று உதவுகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்பதில் வெட்கமில்லை.

பகிடிவதைக்குப் பயந்து போகாமல் விடலாமா?

விட வேண்டாம். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை தண்டனைக்குரிய குற்றம். மாணவ ஆலோசகரிடம் சொல்லலாம், ஆணைக்குழுவிடம் நேரடியாக முறையிடலாம். பிள்ளை ஏதாவது சொன்னால் "எல்லாருக்கும் நடப்பதுதானே" என்று தட்டிவிடாமல் காது கொடுத்துக் கேளுங்கள்.

இன்னொரு முறை எழுதலாமா, கிடைத்ததைப் படிக்கலாமா?

பல்கலைக்கழகத் தெரிவுக்கு உயர்தரப் பெறுபேறு எடுபடுவது மூன்று தடவை வரைதான். நூலிழையில் தவறிய பிள்ளை, மீண்டும் படிக்கும் மனத்தென்பு உள்ள பிள்ளை என்றால் எழுதட்டும். பெற்றோரின் ஆசைக்காக மூன்றாவது தடவை எழுத வைக்காதீர்கள். எப்படியென்றாலும் இந்த முறைக்கான விண்ணப்பத்தைப் போட்டு வையுங்கள். கிடைத்த இடத்தில் பதிவு செய்வதற்கு முன் கைநூலில் பதிவு, பதிவு நீக்கம் பற்றிய பகுதியை ஒரு வரி விடாமல் வாசியுங்கள். பதிந்த பின் அடுத்த ஆண்டு வேறு பாடநெறிக்குப் போவதற்கு நிபந்தனைகள் இருக்கின்றன.

இடம் கிடைக்காவிட்டால்?

தகுதி பெறும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு இடம் கிடைப்பதில்லை. அது அவர்களின் குறை அல்ல, இடங்கள் அவ்வளவுதான். இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பில் பிராந்திய நிலையம் இருக்கிறது. அங்கே கட்டணம் உண்டு, இசட் போட்டி இல்லை, வேலை செய்துகொண்டே படிக்கலாம். மட்டக்களப்பு, சம்மாந்துறை, அம்பாறை ஹார்டி ஆகிய உயர் தொழினுட்ப நிறுவனங்களில் கணக்கியல், ஆங்கிலம், தகவல் தொழினுட்பம் போன்றவற்றில் உயர் தேசிய டிப்ளோமா படிக்கலாம். ஆசிரியர் ஆக விருப்பம் என்றால் தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் தேசிய கல்வியியற் கல்லூரிகள் இருக்கின்றன. அதற்கு வர்த்தமானி அறிவித்தலைக் கவனிக்க வேண்டும். தொழினுட்பக் கல்லூரிகளில் தேசிய தொழிற் தகைமையில் படிப்படியாக ஏறி, தொழிற்கல்விப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வரை போகலாம். இந்த வழியை நம் ஊரில் இன்னும் கீழாகவே பார்க்கிறார்கள். மின்னிணைப்பு, குளிரூட்டல், வாகனத் தொழினுட்பம் நன்றாகப் படித்த பிள்ளை எந்த நாட்டிலும் பிழைக்கும்.

வெளிநாட்டுப் பட்டம், தனியார் பட்டம் என்று முகவர்கள் வருகிறார்கள்.

முற்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு விசயத்தைப் பாருங்கள்: அந்தப் பல்கலைக்கழகத்தை மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா? உள்நாட்டுத் தனியார் நிறுவனம் என்றால் குறிப்பிட்ட அந்தப் பட்டத்தை வழங்க அதற்குக் கல்வி அமைச்சின் அனுமதி இருக்கிறதா? மருத்துவம் என்றால் இலங்கை மருத்துவ சபையின் பட்டியலையும் பாருங்கள். முகவர் காட்டும் கடிதத்தைப் பார்க்காமல் அந்தந்த நிறுவனத்திடமே கேளுங்கள். காணியை ஈடுவைத்துக் கட்டிய காசு அது.

விண்ணப்பத்தை கொமியூனிகேஷன் கடையில் நிரப்பலாமா?

வீட்டில் கணினி இல்லாவிட்டால் நிரப்பலாம். ஆனால் யூனிகோட் வரிசையைக் கடைக்குப் போகும் முன்பே வீட்டில் தாளில் எழுதி முடித்துவிடுங்கள். கடைக்காரத் தம்பி "அக்கா, இதை மேலே போடுவமா?" என்று கேட்கும் இடத்தில் முடிவு எடுக்கக்கூடாது. கடவுச்சொல்லை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் சொந்தத் தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுங்கள், கடையினுடையதை அல்ல. அனுப்பும் முன் ஒரு பிரதியை அச்சிட்டு, தாளில் உள்ள வரிசையோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள், ஒரு எழுத்து மாறினால் வேறு பல்கலைக்கழகம் ஆகிவிடும். கடைசி நாள் வரை வைத்திருக்காதீர்கள். அன்று தளம் மெதுவாகும், மின்சாரமும் போகலாம்.